தள்ளி இருங்கோ

இருபத்திரண்டு கணினி. அறுபத்தெட்டுப் பேர்.
திருநெல்வேலி வளாகத்தின் இரண்டாம் மாடி.
எட்டரைக்கு வருகிறவன் திரையைப் பூட்டிவிட்டுத்
தேத்தண்ணிக்குப் போவான்.
பருத்தித்துறை பஸ்ஸின் யன்னலுக்குள்ளால்
லேஞ்சியை எறிந்து சீற்றுப் பிடிக்கிற அதே கை.

கறுப்புத் திரை, நடுவில் ஒரு பெயர்,
கடவுச்சொல்லுக்கு ஒரு வெள்ளைக் கோடு.
கதிரையில் யாருடைய குடையோ.
நிற்கிறவர்கள் நின்றார்கள்.

பூட்டும் நிரலைத் திருத்தச் சொன்னார்கள் என்னிடம்.
பதினைந்து நிமிசம் கடந்தால்
ஒரு பொத்தான் தோன்ற வேண்டும்,
அமத்தினால் உள்ளே இருப்பவர் போய்விட வேண்டும்.
நாற்பது வரி. ஒரு பின்னேர வேலை.
பொத்தானில் எழுதும் சொல்லுக்குத்தான்
ஒரு கிழமை போனது.

முதலில் எழுதியது: வெளியேற்று.
இயந்திரத்துக்கு அது பொருத்தமான சொல்தான்.
ஐந்தாம் கணினியில் றிஸ்மியா இருந்தாள்.
சோனகத்தெருவில், உம்மாவின் பழைய வளவில்,
போன மாரிக்குத்தான் கூரை போட்ட வீடு.
"இதையோ போடப் போறீங்கள்?"
அவ்வளவுதான் கேட்டாள்.
அழித்தேன்.

விடுவி என்று போட்டுப் பார்த்தேன்.
கம்பிவேலி சுருட்டியபின்
கிணறெது பற்றையெது என்று தெரியாமல்
உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு
அப்பா நின்ற காலை நினைவுக்கு வந்தது.
முடி?
அந்தச் சொல்லுக்கு இங்கே வேறு வேலை இருந்தது.

இதற்கிடையில் எழுத்துருவும் குழம்பியது.
கொகரம் வந்தால் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம்,
நடுவில் புள்ளிகளால் ஆன வெறும் வட்டம்.
வரவேண்டிய எழுத்துக்குப்
பிடித்து வைத்த இடம்.

அலுத்துப்போய் 'சரி' என்று எழுதி விட்டுவிட்டேன்.

துவாரகேசன் வங்கி வரிசையில் நின்ற நேரம்
யாரோ 'சரி'யை அமத்தினார்கள்.
சுன்னாகத்து நாற்பத்தொரு கிணறுகளின்
நைத்திரேற்று அளவுகள், சேமிக்காமல் இருந்தவை.
திரும்பி வந்தவன் ஏசவில்லை.
புதிதாய் இருந்த பெட்டையிடம்
"நீங்கள் செய்யுங்கோ" என்றான்.
குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்,
வெளியே மழையும் இல்லை.

அன்றிரவு நிரலை மறுபடி எழுதினேன்.
இருப்பவர் இருக்கட்டும்.
அவருடைய கோப்புகள் திறந்தபடி, சுட்டி விட்ட இடத்தில்,
பின்னுக்கு ஒதுங்கி இருக்கட்டும்.
வந்தவருக்கு முன்னால் ஒரு புது மேசை.
நினைவகம் போதாது, தெரியும்.
இரண்டு பேரைத் தாங்கும்;
மூன்றாமவர் வந்தால் விசிறி முனகும்,
பஸ்ஸில் பாதித் தொடையை வைத்து
மற்றப் பாதியைக் காற்றில் வைக்கிறவரைப்போல.
அப்போதுதான் சொல் வந்தது.
கொண்டக்டர் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுவார்,
ஒருவரும் கோவிப்பதில்லை:
தள்ளி இருங்கோ.

பிறகு பூட்டுத் திரையில் தங்களுக்கும்
ஒரு வரி கேட்டார்கள். கொடுத்தேன்.
'சாப்பாடு.'
'மேசையில தண்ணிப் போத்தல் வைக்காதேங்கோ.'
'ஆறாம் பக்கம் பிழை, நான் அழேல்லை.'

பதினேழாம் கணினியில் ம. கீர்த்திசன்.
அவனுடைய வரி: 'போட்டு வாறன்.'
மேலே நிமிசக் கணக்கு. அதில் ஒரு வழு,
இரண்டு இலக்கம்தான் வைத்திருந்தேன்;
தொண்ணூற்றொன்பது தாண்டினால் சைபரில் தொடங்கும்.
வருகிறவர்கள் பார்ப்பார்கள், மூன்று நிமிசம்,
"இப்பதான் எழும்பிப் போயிருக்கிறார்,"
மற்றக் கணினிக்குப் போவார்கள்.

செவ்வாய்க்கிழமை கட்டுநாயக்காவால் ஏறிவிட்டான்.
எந்த நாடென்று கூட்டாளிகள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஞாயிறு ஒன்பதிலிருந்து ஐந்துவரை
மின்தடை என்று அறிவித்தல்.
பற்றரி இருபது நிமிசம் தாங்கும்.
வழுவைத் திருத்த ஒரு இலக்கம் போதும்.
சனி பின்னேரம் ஒவ்வொன்றாய் நிறுத்திக்கொண்டு வந்தேன்,
பதினாறுவரைக்கும்.